ஒன்பதாம் அடைப்பு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்காமல் ஐந்து வாரங்கள் ஆகியிருந்தபோது, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கோழிக்குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின.

பொரித்து ஒரு நாள் முழுசாக ஆகாத குஞ்சுகள். பாப்பா என் வயிற்றில் இருக்கும்போதே அவற்றுக்குத் தேதி சொல்லி வைத்திருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதும் சோதனையைத் தொடங்கிவிடலாம் என்று கணக்கு. விடுப்பு முடிந்தது. பாப்பா இல்லை. குஞ்சுகள் சொன்ன தேதிக்குச் சரியாக வந்துவிட்டன.

நான் இறைச்சிக் கோழி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். தீனி மாறினால் கோழியின் ரத்தத்தில் ஹார்மோன்கள் எப்படி மாறுகின்றன, உடம்பு அந்தத் தீனியை எப்படிச் செலவழிக்கிறது என்று அளப்பது என் வேலை. என் கணவர் அங்கேயே கொட்டகைக்காரர். கோழிகளுக்குத் தீனி வைப்பது, எடை போடுவது, எனக்காகப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

பண்ணையில் அவருக்குப் பெயரே ‘மூணு நிமிஷம்’. கோழியைத் தொட்ட நொடியிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும். தாண்டினால் பயத்தில் ஊறும் ஹார்மோன் ரத்தத்தில் ஏறிவிடும். அப்புறம் நாம் அளப்பது கோழியின் உடம்பை அல்ல, நம்மைப் பார்த்து அது பயந்ததை. மற்றவர்கள் துரத்திப் பிடிப்பதற்குள் நான்கு நிமிடம் ஓடிவிடும். இவர் சும்மா குனிவார், எடுப்பார், மடியில் வைத்து இறக்கையை விரித்துக் காட்டுவார். கோழி ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். நான் ஊசி குத்தி ரத்தம் எடுக்க, அவர் வாய்க்குள்ளேயே நொடிகளை எண்ணுவார். அந்த எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. “இத்தனை படிச்சு, கோழி பிடிக்கிறவன்தான் கிடைச்சானா உனக்கு?” என்று கேட்ட என் அம்மாவே, பாப்பாவை அவர் தூக்கிய விதத்தைப் பார்த்து, “கை நல்ல கைதான்” என்று ஒத்துக்கொண்டார்.

குஞ்சுகள் வந்த அன்று அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, அலகைத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒருமுறை நனைத்து இறக்கிவிட்டார். பண்ணைகளில் அப்படித்தான் செய்வார்கள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று யாராவது காட்டிக் கொடுக்க வேண்டும். அன்று அவர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு குஞ்சுகளுக்கும், ஒன்றைக்கூட விடாமல், காட்டிக் கொடுத்தார். கடைசிக் குஞ்சின் அலகில் நின்ற சொட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“இந்தச் சோதனை முடியட்டும். நாப்பத்திரண்டு நாள்தானே. அப்புறம் நான் அக்கா வீட்டுல போய்க் கொஞ்ச நாள் இருக்கேன்.”

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் என்னை வெறுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும்.

பாப்பா பத்தொன்பது நாள் இருந்தாள். குடலில் கோளாறு. அறுவை செய்ய வேண்டும், அதுவரை வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்றார்கள். காலை எட்டு மணிக்கு என்றது பதினொன்று ஆனது, அது நான்கு ஆனது. பாப்பா அழுது, அழுது தொண்டை கம்மி, அவருடைய சட்டைக் கையை இழுத்துச் சப்பத் தொடங்கினாள். அவர் விரல் நுனியைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டு அவள் உதட்டருகே கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டுகூடக் கூடாது என்றேன். ரத்தக்குழாய் வழியாக எல்லாம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, இப்போதுதான் சோதித்தார்கள், ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று விளக்கினேன்.

“ரத்தத்துல இருக்குறது வாய்க்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

நான் கையை விடவில்லை. ஐந்து மணிக்கு உள்ளே எடுத்துப் போனார்கள். பாப்பா திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி நின்றுபோனது. தட்டில் வைப்பேன், உட்காருவார். அவர் டப்பாவை நிரப்பிப் பைக்குள் வைப்பேன், எடுத்துப் போவார். கேள்வி மட்டும் இருவர் வாயிலும் வராது.

சோதனை இதுதான். இன்றைய இறைச்சிக் கோழியின் உடம்பு இரவு பகலாக வளர்வதற்கென்றே ஆனது. கொடுக்கக் கொடுக்கத் தின்னும், ஆறு வாரத்தில் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். அந்த வேகத்துக்கு அதன் இதயம் ஈடுகொடுக்காது. நன்றாக நின்றுகொண்டிருந்த கோழி இறக்கையை ஒருமுறை அடித்துவிட்டுச் சாய்ந்துவிடும். இன்னொன்றுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். தீனியைக் குறைத்தால் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களில் டி3 என்ற ஒன்று ரத்தத்தில் இறங்கும். அது அடுப்பைத் தணிக்கிற மாதிரி. உடம்பு மெதுவாக எரியும், இதயம் பிழைக்கும். எவ்வளவு குறைத்தால் போதும் என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. கொட்டகையைப் பதினாறு அடைப்புகளாகத் தடுத்து, ஓர் அடைப்புக்குப் பன்னிரண்டு கோழிகள் விட்டோம். எட்டு அடைப்புகளுக்கு முழுத் தீனி. மற்ற எட்டுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து பாதித் தீனி, காலை ஏழு மணிக்கு ஒரே வேளை.

பாதித் தீனி இருபது நிமிடத்தில் காலியாகிவிடும். பிறகு நாள் முழுக்க வெறும் தொட்டியைக் கொத்துகிற சத்தம். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் இருக்கும். நான் ரத்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். அவர்தான் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பார். பசித்த கோழிகள் வயிற்றை நிரப்பத் தண்ணீராகக் குடித்துத் தள்ளும். அதனால் அந்த அடைப்புகளில் தரையில் விரித்த மரத்தூள் சொதசொதவென்று ஈரமாகிவிடும். அதை அள்ளிப் புதிதாகப் போடுவதும் அவர் வேலைதான்.

நான்காவது வாரத்தில் அவருடைய பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை இருந்ததைப் பார்த்தேன். ஆணியால் குத்தியிருந்தார். டப்பா மட்டும் தினமும் வழித்துத் துடைத்ததுபோல் காலியாக வந்தது. துக்கம் உடம்பைக் கரைக்கும் என்று எண்ணிக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தேன். சாப்பிடுகிறீர்களா என்று அப்போதும் கேட்கவில்லை.

அதே வாரம் ரத்தத்தின் முடிவுகள் வந்தன. பாதித் தீனி அடைப்புகள் ஏழில் டி3 நான் எதிர்பார்த்தபடி இறங்கியிருந்தது. பயத்தையும் பசியையும் காட்டுகிற ஹார்மோன் ஏறியிருந்தது. வாசலை ஒட்டிய ஒன்பதாம் அடைப்பில் மட்டும் டி3 இறங்கவே இல்லை. பயத்தின் ஹார்மோனோ எல்லா அடைப்புகளையும்விடக் குறைவு. பாதிப் பட்டினி கிடக்கும் கோழிகள் ஏதோ விடுமுறைக்கு வந்தவைபோல் நிம்மதியாக இருந்தன.

குப்பிகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். அளக்கிற மருந்து கெட்டிருக்குமோ என்று புதுப் பெட்டி பிரித்து மூன்றாவது முறை அளந்தேன். எண் நகரவில்லை. எங்கள் தலைமை ஆய்வாளர் காபியில் போடும் சர்க்கரையைக்கூடக் கரண்டியை விளிம்பு தட்டிப் போடுகிறவர். ‘தராசு’ என்று பெயர். அவர் தாளைப் பார்த்துவிட்டு, தீவனக் கணக்கைச் சரி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒன்பதாம் அடைப்புக்குப் போன தீவனம் ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. என் கணவர் எடை போட்டால் பிசகாது என்பது எனக்குத் தெரியாதா.

பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. முந்தின நாள் கொட்டகைக்குப் போனபோது ஒன்பதாம் அடைப்பின் மரத்தூள் காய்ந்திருந்தது. அன்று காலை புதிதாகப் போட்டிருப்பார் என்று கடந்துபோயிருந்தேன். தண்ணீராகக் குடித்துத் தள்ளாத கோழிகள். அப்படியென்றால் பசிக்காத கோழிகள். தீவனம் ஏறாமல் பசி எப்படித் தீரும்? டி3 எதற்குச் சட்டென்று ஏறும் என்று யாராவது கேட்டால் நான் தூக்கத்திலும் சொல்வேன், மாவுச்சத்துக்கு. நம் தட்டில் தினமும் இருப்பது அதுதான்.

மணி பன்னிரண்டே முக்கால். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு நடந்தேன்.

அவர் ஒன்பதாம் அடைப்புக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நான் காலையில் நிரப்பிக் கொடுத்த டப்பா. சோற்றைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்து, ஒவ்வொரு கோழிக்கும் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்தார். ஒன்று அவர் பாதத்தின்மேல் ஏறி நின்றது. இன்னொன்று முறை தவறி முன்னால் வந்தது. “உனக்கு ஆச்சு. அவளுக்கு வழி விடு” என்று அதைப் புறங்கையால் மெல்லத் தள்ளினார். சுற்றிலும் மற்ற ஏழு அடைப்புகளில் தொட்டிகளைக் கொத்தும் சத்தம். இந்த அடைப்பில் மட்டும் சத்தம் இல்லை.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

“தீவனத்துல கை வைக்கல. இது என் பங்கு” என்றார்.

“எத்தனை நாளா?”

“பதினஞ்சாம் நாள்ல இருந்து. நீ தீவனத்தைத்தானே எடை போடுற. என் சாப்பாட்டை எழுத உன்கிட்ட எந்தத் தாள் இருக்குன்னு நெனச்சேன்.” கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். “ரத்தம் கோள் சொல்லும்னு தோணவே இல்ல.”

இந்த ஒரு அடைப்பு மட்டும் ஏன் என்றேன்.

“வாசல்ல இருக்கு. நான் உள்ள நுழையும்போதே எட்டிப் பாக்குதுங்க. எல்லாத்துக்கும் ஒரு டப்பா பத்தாது. மத்ததுங்க மூஞ்சியப் பாக்காமதான் தினமும் போறேன்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் வந்தது. ஆத்திரத்தை முன்னால் தள்ளினேன். முழுத் தீனி அடைப்புகளில் இதுவரை ஒன்பது கோழிகள் செத்துவிட்டன, பாதித் தீனி அடைப்புகளில் ஒன்றுகூடச் சாகவில்லை, பட்டினிதான் இவற்றை உயிரோடு வைத்திருக்கிறது என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தெரியும். ஒன்பதையும் தூக்கிப் போட்டது நான்தானே” என்றார். “இதுங்க உயிரோட இருக்கு. இதுங்களுக்குப் பசிக்குது. ரெண்டும் நெஜம்தான். நீ ஒண்ண அளக்குற. நான் இன்னொண்ணைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

காலில் நின்ற கோழி இறங்கிப்போய் மரத்தூளில் படுத்துக் கண்ணை மூடியது.

அப்போது கேட்டுவிட்டேன். “பாப்பா என்னாலதான் போயிட்டான்னு நெனைக்கிறீங்களா?”

அவர் டப்பாவை மூடினார். மூடியைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

“இல்ல. நீ என் கையைப் பிடிச்சது சரி. கொடுத்திருந்தா மயக்கத்துல நுரையீரல்ல போயிருக்கும்னு அந்தச் சின்ன டாக்டர்கிட்ட நான் தனியாப் போய்க் கேட்டுக்கிட்டேன். நீ தப்புப் பண்ணியிருந்தா உன்கிட்டச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். நீ சரியா இருந்துட்ட. நான் யாருகிட்டப் போய்க் கோவிச்சுக்கிறது?”

“அப்புறம் ஏன் போறீங்க?”

“வீட்டுல இருந்தா உன்னைச் சாப்பிட்டியான்னு கேக்கணும்ல. வாய் வரமாட்டேங்குது. நான் சாப்பிடலாம்னு கை வச்சா அவ சட்டையச் சப்புறா. இங்க வந்து இதுங்களுக்குக் கொடுத்தா ஒரு அஞ்சு நிமிஷம் அந்தச் சத்தம் நிக்குது. அதுக்காகத்தான். உன் ஆராய்ச்சியக் கெடுக்கணும்னு இல்ல.”

நான் அவர் பக்கத்தில் மரத்தூளிலேயே உட்கார்ந்தேன். கைநீட்டி அவர் மணிக்கட்டைத் தொடலாமா என்று பார்த்தேன். அன்று பிடித்த அதே மணிக்கட்டு. எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தொட முடியவில்லை.

அவரே போய்த் தராசிடம் சொல்லிவிட்டார். நான் என்ன எழுதுவது என்று யோசித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். தராசு அடிக்கோலை வைத்து ஒன்பதாம் அடைப்பின் வரிசையை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாராம். ஏழு அடைப்புகளை வைத்துச் சமாளிக்கலாம் என்றாராம். பிறகு, கொட்டகை வேலையைவிட்டு இப்போதே அனுப்ப வேண்டும்தான், ஆனால் மூன்று நிமிடத்துக்குள் பிடிக்க வேறு ஆள் இல்லை, கடைசி ரத்தம் எடுக்கும் வரை இருந்துவிட்டுப் போ என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் கடைசி முறையாக ரத்தம் எடுத்தோம். அவர் குனிந்தார், எடுத்தார், மடியில் வைத்தார். இறக்கையை விரித்துக்கொண்டு எண்ணினார். நூற்று எண்பது நொடி வரை போகலாம் என்றாலும், நூற்று இருபதைத் தாண்டவிடாமல் ஒவ்வொன்றையும் முடித்தேன். எங்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை வேறு எந்த இடத்திலும் மிச்சம் இருக்கவில்லை. கடைசிக் கோழியை இறக்கிவிட்ட பிறகும் அவர் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை எல்லாக் கோழிகளையும் அறுத்து ஈரல், இதயம், வயிற்றுக் கொழுப்பு என்று நிறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன்னால் எல்லா அடைப்புகளுக்கும் தீனியை நிறுத்திவிடுவது விதி. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். முழுத் தீனி தின்று வளர்ந்தவைகூடக் கடைசியில் பசியோடுதான் போகும். அவர் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். ஒன்பதாம் அடைப்பின் தொட்டிக்குக் கை வைத்தபோது நான் வேண்டாம் என்றேன்.

“அது என் கணக்குல இல்ல. கோடு போட்டாச்சு” என்றேன்.

அன்று காலை இரண்டு டப்பா நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றைத் திறந்து கவிழ்த்த வாளியின்மேல் அவர் முன்னால் வைத்தேன். இன்னொன்றை நான் மடியில் வைத்துக்கொண்டு, அவர் செய்ததைப்போலவே சின்ன உருண்டைகளாகப் பிடிக்க ஆரம்பித்தேன். எனக்கு உருண்டை சரியாக வரவில்லை. கோழிகள் முதலில் என்னை நம்பவில்லை. ஊசிக்காரி என்று தெரியும் அவற்றுக்கு. பிறகு ஒன்று வந்தது.

“நீங்க சாப்பிடுங்க. இதுங்களை நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்க வரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கோழிகளைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து விழுங்கினார். அடுத்ததை எடுத்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே டப்பாவை முடித்தார். முடித்து, எப்போதும்போல் விரலால் வழித்தார். அன்றுதான் அது உண்மையிலேயே அவர் சாப்பிட்டு வழித்தது.

நான்கு மணி பஸ்ஸில் போனார். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கெஞ்சினால் இருந்திருப்பார், இருந்து, என் எதிரே தினமும் விழுங்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். பை சின்னதாக இருந்தது. பாப்பாவின் துணி ஒன்று அலமாரியில் குறைந்திருப்பதை வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

மறுநாள் காலை வேறு ஓர் ஆள் கோழிகளைப் பிடித்தார். எல்லாம் சிறகடித்துக் கத்தின. ஒவ்வொன்றையும் திறந்து நான் தாளில் எழுதினேன். ‘தீனிப்பை காலி’ என்ற கட்டத்தில் நூற்று எழுபத்தோரு முறை ‘ஆம்’ என்று போட்டேன். ஒன்பதாம் அடைப்பின் பன்னிரண்டைக் கடைசியாக எடுத்தார்கள். தாளில் அவற்றுக்கு வரிசை கிடையாது. ஆனாலும் நான் ஒவ்வொன்றின் கழுத்தடியையும் தொட்டுப் பார்த்தேன். கை நிறையத் தட்டுப்பட்டது.

கையைக் கழுவிவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

“பன்னண்டும் வயிறு நெறைஞ்சுதாங்க போச்சு” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. எண்ணிக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றியது. பிறகு, பதினொரு வாரங்களுக்கு அப்புறம், கேட்டார்.

“நீ சாப்பிட்டியா?”

“இல்லங்க” என்றேன்.

 இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.